காலில் அடிபட்ட பிள்ளையை மீண்டும் ஆட விடலாமா?
மைதானத்தில் முடிவு செய்தால் ஆபத்து! கோவை பெற்றோர் தவிப்பு

கோவை:

"அட, ஒண்ணும் இல்லீங்க. சும்மா சுளுக்குத்தான். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

கோவை நேரு ஸ்டேடியம் முதல் பொள்ளாச்சி, சூலூர் பக்கத்து ஊர்களின் கபடி மைதானம் வரை, பிள்ளை கீழே விழுந்ததும் முதலில் காதில் விழும் பேச்சு இதுதான்.

ரெண்டு நாள் போகும். வீக்கம் வடியாது. பிள்ளை நொண்டி நொண்டி நடக்கும். அதற்குள் மாவட்டப் போட்டி வந்து விடும். "நான் ஆடியே தீருவேன்" என்று பிள்ளை அழும். "ஆட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்பார் தாய். "இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடட்டுமே" என்று இழுப்பார் தகப்பனார்.

யார் பேச்சைக் கேட்பது? யார் முடிவு செய்வது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

சான்றிதழ் ஆசை

தகப்பனார் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. என்ஜினீயரிங் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. மாவட்டம், மாநிலம் என்று ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால்தான் அந்த வரிசையில் நிற்க முடியும்.

மில் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் குடும்பத்துக்கு அந்தக் காகிதம் சாதாரணக் காகிதம் அல்ல. பிள்ளையின் படிப்பு அது. பின்னால் வரப்போகும் சம்பளம் அது. எனவே ஒரு போட்டியைத் தவற விட்டால் எல்லாமே போய்விடும் என்று பதறுகிறார்கள்.

இன்னொரு பக்கம் பயம். பெண் பிள்ளைக்கு அடிபட்டால் பல வீடுகளில் அன்றோடு ஆட்டம் முடிந்தது. "நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்ற கேள்வி வந்து விடும். அதே அடி அண்ணனுக்குப் பட்டால் "ஆம்பளைப் பையன், தாங்கிக்குவான்" என்று மைதானத்துக்கு அனுப்பி விடுவார்கள். இரண்டு முடிவுமே அவசர முடிவுதான். இரண்டிலும் அடிபட்ட காலை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

உலுக்கிய மரணம்

2022-ம் ஆண்டு நவம்பரில் சென்னையில் நடந்த சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. கால்பந்து வீராங்கனையான 17 வயது கல்லூரி மாணவிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு காலில் போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைபட்டது. வேறு பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, காலையே எடுத்தார்கள். அப்படியும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15-ந் தேதி அந்த மாணவி பரிதாபமாக இறந்தார். 2 டாக்டர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டனர்.

இதைக் கேட்டுப் பயந்த பெற்றோர் ஏராளம். ஆனால் ஆபரேஷன் என்றாலே ஓடுவது இதற்கு மருந்து ஆகாது. கட்டோ, மாவுக்கட்டோ போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்துப் போனால், சில்லிட்டால், வெளுத்தால், நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓட வேண்டும். "கட்டை அவிழ்த்துப் பாருங்கள்" என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது.

வளரும் எலும்பு

பெரியவருக்குப் படும் அடியும் பிள்ளைக்குப் படும் அடியும் ஒன்றல்ல. வளரும் பிள்ளையின் எலும்பு முனையில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயதிலும், பையன்களுக்குச் சுமார் 16, 17 வயதிலும் அது மூடிக்கொள்ளும்.

அதுவரை அந்த இடம் சுற்றியுள்ள ஜவ்வை விடப் பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு பிசகும் அடியில், பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டே உடையலாம். பிள்ளைகளின் எலும்பு முறிவுகளில் 15 முதல் 30 சதவீதம் வரை இந்த இடத்தில்தான் ஏற்படுகிறது. சில நேரம் எக்ஸ்ரேயில் கூடத் தெளிவாகத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும்.

இதைத்தான் "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். எலும்பு சிகிச்சைக்கு வெளி மாநிலத்தில் இருந்தெல்லாம் நோயாளிகள் தேடி வரும் ஊர் கோவை. திருச்சி ரோட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்படி இருந்தும் உள்ளூர்ப் பிள்ளையை முதலில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போவது இன்னும் நிற்கவில்லை.

தலையில் அடியா?

கால் அடியாவது காத்திருக்கும். தலை அடி காத்திருக்காது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ம் ஆண்டு சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவன் அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது தலை தரையில் மோதி விழுந்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து விட்டு மறுபடி ஆடப் போனான். ஆட்டம் முடிந்ததும் மயங்கிச் சாய்ந்தான். மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தான். ஆனால் மறுபடி பேசவும் எழுந்து நிற்கவும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

2009-ல் அவன் பெயரிலேயே அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும். தகுந்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் மீண்டும் இறக்கக் கூடாது என்பதுதான் சட்டம். பின்னர் மற்ற மாநிலங்களும் இதே வழியில் சட்டம் போட்டன.

நம் ஊரில் தண்ணீரைத் தெளித்து, "எத்தனை விரல்?" என்று கேட்டுவிட்டு ஆட விடுகிறார்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், கண் மங்கல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்று ஆட்டம் கிடையாது. முதலில் பள்ளிப் பாடம் படிக்கிற அளவுக்குத் தெளிய வேண்டும். மைதானம் அதற்குப் பிறகுதான்.

9 மாதக் கணக்கு

முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் செய்தவர்கள் எப்போது ஆடலாம்? 2016-ல் நார்வேயில் இருந்து வெளியான ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு 9-வது மாதம் வரை, ஆடப் போவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும், மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைந்தது. 9 மாதம் ஆனால் மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்துக்கு வந்திருக்க வேண்டும்.

9 மாதம் என்றால் ஒரு சீசனே போய்விடும். உண்மைதான். ஆனால் சீசன் போனால் ஆட்டமே போய்விடுமா?

படுக்கையில் கிடந்த பையன்

சென்னையில் ஒரு பையன். தொடக்க ஆட்டக்காரன். 14 வயது வாக்கில் இடுப்புப் பகுதியில் அடிபட்டது. வாரக்கணக்கில் படுத்த படுக்கை. எழுந்து வந்து பார்த்தால் அணியில் அவனுடைய இடத்தில் வேறு பையன். அதுவரை வேகப்பந்து போட்டு வந்தவனை, சுழற்பந்து போட்டுப் பார் என்று சொன்னது அவனுடைய தாயார்.

அந்தப் பையன்தான் ஆர்.அசுவின். 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட்டில் இருந்து ஓய்வு பெற்றபோது, 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்திருந்தார்.

அடிபட்ட எல்லாப் பிள்ளையும் அசுவின் ஆகிவிட முடியாது. ஆனால் "இன்றைக்கே ஆடு", "இனிமேல் ஆடாதே" என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. காத்திருப்பது. தேவைப்பட்டால் ஆடும் முறையை மாற்றுவது.

டாக்டரிடம் கேளுங்கள்

வலி மாத்திரை போட்டால்தான் ஆட முடியும் என்றால் பிள்ளை ஆடத் தயாராகவில்லை என்று அர்த்தம். நொண்டுகிற பிள்ளை, வீக்கம் வடியாத பிள்ளை, ராத்திரி வலியில் முனகுகிற பிள்ளை, இவர்களை இறக்கக் கூடாது. பிள்ளை சொல்வதை மட்டும் நம்பவும் கூடாது. அணியில் இடம் போய்விடும் என்று வலியை மறைப்பது பிள்ளைகளின் வழக்கம்.

டாக்டரிடம் 3 கேள்வி கேட்க வேண்டும். அடி ஜவ்விலா, எலும்பிலா, வளர்ச்சித் தட்டிலா? இப்போது ஆடினால் அதிகபட்சம் என்ன கெடும்? எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும்? பதிலைச் சீட்டில் எழுதி வாங்கி, அதைப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். ஒழுங்கான பயிற்சியாளர் அந்தச் சீட்டுக்கு மதிப்புக் கொடுப்பார். "டாக்டர் கிடக்கட்டும், நீ வா" என்று சொல்பவரிடம் பிள்ளையை விடுவதா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

அதுவரை பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. தினமும் மைதானத்துக்குப் போகட்டும். ஸ்கோர் எழுதட்டும், கூட்டாளிகள் ஆடுவதைப் பார்க்கட்டும். அடுத்த வருடமும் மாவட்டப் போட்டி நடக்கும்.