பொன்னியின் செல்வன்: கதையும் கல்வெட்டும் பிரியும் இடம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை மேம்படுத்த வேண்டுமென்றால், பலரும் கதைச் சுருக்கத்தையும் கதைமாந்தர் பட்டியலையும் நீட்டத்தான் முற்படுவார்கள். ஐந்து பாக நாவலுக்கு அவை தேவைதான். ஆனால் குந்தவையும் நந்தினியும் ஒரே பட்டியலில் ஒரே தொனியில் அறிமுகமானால், முதலாமவர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கொடையாளராக நிற்பவர், மற்றவர் கல்கியின் படைப்பு என்ற வேறுபாடு மறைந்துவிடும். கட்டுரையில் முதலில் வலுப்பெற வேண்டியது, கல்கி எந்தச் சான்றை எடுத்தார், எங்கே அதைவிட்டு விலகினார் என்று சொல்லும் பகுதியே.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையையே எடுத்துக்கொள்வோம். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, ரவிதாசன் முதலிய சகோதரர்களைத் துரோகிகள் என்று குறித்து, அவர்களும் உறவினர்களும் இழந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று அது சொல்லவில்லை. கொலைக்கும் ராஜராஜன் ஆட்சிக்கும் இடையில் ஆண்ட உத்தம சோழன் காலத்தில் தண்டனை நடந்ததாகத் தெரியாததால், வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவன்மீதே ஐயம் கொண்டார். மற்றொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இந்த விவாதத்தின் நடுவே கல்கி செய்தது வியக்கத்தக்கது. அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனை வேறொருவரின் மகனாக்கி, சிவபக்தன் சேந்தன் அமுதனைச் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மை மகனாக்கி, அவனையே உத்தம சோழனாக முடிசூட்டினார். சதி நிழல் படாத ஓர் உத்தம சோழன் கதைக்குக் கிடைத்துவிட்டான். வரலாற்று விவாதத்தைச் சொல்லாத கட்டுரையில் இந்தத் திருப்பம் வெறும் ஆள்மாறாட்டமாகச் சுருங்கிவிடும்.

நாவலாசிரியருக்குக் கற்பனை உரிமை உண்டே, கல்வெட்டைக் காட்டி அவரை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். இது குற்றம் காணும் வேலை அல்ல. எங்கே சான்று மௌனமாகிறது என்று தெரிந்தால்தான் கல்கியின் கைவண்ணம் முழுதாகத் தெரியும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கல்வெட்டையும் நாவலையும் கட்டுரையாளர் தானே ஒப்பிட்டு முடிவு சொல்வது சொந்த ஆய்வு. விக்கிப்பீடியா அதை ஏற்காது. அந்த விதி சரியானதே. அதனால் அச்சில் வந்த ஒப்பீடுகளைத் தேடித்தான் ஆக வேண்டும். கல்கியே நாவலுக்குள் செப்பேடுகளைச் சுட்டுகிறார். அவற்றை அவர் கூற்றாகவே தரலாம். சாஸ்திரி, பண்டாரத்தார் வாதங்களை அவரவர் பெயரோடும் பக்க எண்ணோடும் தரலாம். 1950 முதல் 1954 வரை தொடர் வெளியான ‘கல்கி’ இதழ்கள், மணியத்தின் ஓவியங்கள், கல்கியின் எழுத்தை ஏற்காத க.நா.சு. போன்றோரின் விமர்சனம் ஆகியவற்றுக்கும் கட்டுரையில் இடம் வேண்டும். ஆதாரம் கிடைக்காத வாக்கியத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நீக்கிவிடுவதே கல்கிக்கும் சோழர் வரலாற்றுக்கும் செய்யும் மரியாதை.