முதுகெலும்புக் கட்டிகளும் நமது கடமையும்

அபூர்வ வியாதி என்ற சொல் காதில் விழுந்தவுடன், அது எங்கோ யாருக்கோ வருவதென்றும், ராஜ்யமும் பொதுஜனங்களும் அதைக் குறித்துக் கவலைகொள்ள வேண்டியதில்லையென்றும் எண்ணி ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்த எண்ணம் எவ்வளவு பிசகானதென்பதை ஓர் எளிய கணக்கே காட்டிவிடும். முதுகெலும்பிலும் மண்டையின் அடித்தளத்திலும் தோன்றும் கார்டோமா என்னும் கட்டி, மேல்நாட்டுக் கணக்கின்படி பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவரைப் பற்றுகிறது. அதே விகிதத்தை 140 கோடி ஜனங்களைக் கொண்ட நமது தேசத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஆண்டுதோறும் சுமார் 1,400 குடும்பங்கள் இதற்கு ஆளாக வேண்டும். இதை அற்பமென்று தள்ளிவிட முடியுமா?

முதுகெலும்பில் காணப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கே பிறந்தவையல்ல. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம் முதலிய இடங்களில் எழுந்த புற்றுநோய், ரத்தத்தின் வழியாக வந்து குடியேறியவை. எலும்பிலேயே ஜனிப்பவை சிலவே. அவற்றுள் கார்டோமாவின் உற்பத்தி விந்தையானது. கர்ப்பத்தில் சிசு உருவெடுக்கும் ஆரம்ப நாட்களில் முதுகின் நடுவே மெல்லிய தண்டு ஒன்று தோன்றுகிறது. அதை ஆதாரமாகக் கொண்டே முதுகெலும்பு அமைகிறது. வீடு எழும்பிய பின் சாரத்தைப் பிரிப்பதுபோல, வேலை முடிந்ததும் இத்தண்டு மறைகிறது. ஆயினும் அதன் துணுக்குகள் சில, முக்கியமாக மண்டையின் அடியிலும் இடுப்பின் பின்புறமுள்ள திரிக எலும்பிலும், தங்கிவிடுவதுண்டு. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த துணுக்கு நடுவயதுக்குமேல் விழித்துக்கொண்டு வளரத் தொடங்குவதே கார்டோமா.

ஜெர்மன் அறிஞர் விர்ச்சோ 1857ல் இதை முதலில் நுண்காட்டியில் கண்டு, குருத்தெலும்பிலிருந்து வந்ததென்று கருதினார். ரிப்பெர்ட் என்பார் 1894ல் தண்டின் மிச்சமே இது என்ற கருத்துக்கேற்பப் பெயரிட்டார். 1927ல் குட்டை வால் சுண்டெலிகளை ஆராய்ந்தபோது தெரியவந்த ஒரு ஜீனின் புரதமாகிய பிராக்கியூரி இக்கட்டியில் நிறைந்திருப்பதை 2006ல் கண்டறிந்தார்கள். இன்று நோயைத் திட்டமாக நிச்சயிக்க அதுவே முக்கிய அடையாளம். சுண்டெலியின் வாலை ஆராய்வதால் என்ன பயன் என்று ஏளனம் செய்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நமது தேசத்தில் இந்நோயாளியின் துன்பத்துக்குத் தனியான காரணம் ஒன்றுண்டு. முதுகெலும்பு க்ஷயம் இங்கே சாதாரணம். எனவே முதுகெலும்பு அரித்திருப்பதைப் படத்தில் கண்டதும், சதையை எடுத்துச் சோதிக்காமலே க்ஷயம் என்று தீர்மானித்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. க்ஷயம் பெரும்பாலும் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டை அழித்து இருபுறமும் பரவும். கட்டியோ பல சமயங்களில் வட்டை விட்டுவிட்டு எலும்பையே பற்றும். எம்.ஆர்.ஐ. படமும் சி.டி. படமும் இந்த வேற்றுமையைக் காட்டக்கூடும். ஆனால் படம் சாக்ஷி மாத்திரமே. தீர்ப்புக் கூறுவது சதைப் பரிசோதனை.

அப்பரிசோதனையிலும் எச்சரிக்கை வேண்டும். ஊசி செல்லும் வழியில் கட்டியின் அணுக்கள் சிந்தக்கூடும். ஆகையால் பின்னர் ரண சிகிச்சை செய்யப்போகும் நிபுணரே ஊசியின் வழியை வகுக்க வேண்டும். அந்த வழியையும் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டும். திரிக எலும்புக் கட்டிக்கு முதுகுப்புறமாக ஊசி செலுத்துவதே முறை. மலக்குடல் வழியாகச் செலுத்துவது பெருந்தவறு.

சிகிச்சையின் உயிர்நாடி ஒரே கொள்கையில் அடங்கியிருக்கிறது: கட்டியை உடைக்காமல், சுற்றியுள்ள நல்ல சதையின் உறையோடு முழுமையாக எடுத்துவிடுவது. துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்தால் மீண்டும் முளைப்பது ஏறக்குறைய நிச்சயம். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் எலும்பை இவ்வாறு முழுதாக எடுக்க முடியுமா என்று உலகம் ஐயுற்றிருந்தபோது, ஸ்வீடன் தேசத்து ஸ்டெனர் அதைச் செய்து காட்டி 1971ல் விவரங்களை வெளியிட்டார். ஜப்பானில் கனஸாவா நகரத்து டொமிடா, நூல்போன்ற மெல்லிய ரம்பத்தால் எலும்பை அறுத்தெடுக்கும் முறையை 1990களில் பிரசித்தமாக்கினார். இதில் இழப்பும் உண்டு. திரிக எலும்பின் மேற்பகுதி நரம்புகளை வெட்ட நேர்ந்தால் மலஜலக் கட்டுப்பாடு போய்விடும். நோயாளிக்கு இதை முன்கூட்டியே ஒளிக்காமல் சொல்வது வைத்தியரின் தர்மம்.

முழுதாக எடுக்க இயலாதபோதும், ஓரங்களில் மிச்சம் இருக்கலாமென்ற ஐயம் உள்ளபோதும், கதிர்வீச்சு துணைபுரிகிறது. கார்டோமா சாதாரண அளவுக்கு அடங்காது. 70 கிரேக்கு மேல் வேண்டும். தண்டுவடமோ சுமார் 50 கிரேக்கு மேல் தாங்காது. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததே புரோட்டான் கதிர். அது குறித்த ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்ஸன் 1946ல் வெளியிட்ட யோசனை இது. சென்னையில் 2019ல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும், நவி மும்பையில் கார்கர் என்னுமிடத்தில் 2023ல் டாடா நினைவு ஸ்தாபனமும் இச்சிகிச்சையைத் தொடங்கின. கடல் கடந்து போகாமல் நமது மண்ணிலேயே இது கிட்டுவது நமக்குப் பெருமையே. ஆனால் ஏழைக் குடியானவனுக்கு எட்டாத வைத்தியம், அவனளவில் கடல் கடந்த வைத்தியந்தான் என்பதை மறக்கலாகாது.

எல்லாக் கட்டியும் கொடியதென்று யாரும் அஞ்ச வேண்டாம். 1935ல் நியூயார்க் வைத்தியர் ஜாஃபே தனி நோயாக வகுத்த ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா, இளைஞர்களுக்கு வரும் சிறு கட்டி. இரவில் வலி மிகும். ஆஸ்பிரின் தின்றால் தணியும். முதுகு ஒருபுறம் வளையும். இதைக் கூனல் என்றோ பள்ளிக்குப் போகாதிருக்கச் சொல்லும் சாக்கு என்றோ தள்ளிவிடாமல் கண்டுபிடித்தால், தக்க இடங்களில் ஊசிமுனையால் சுட்டே குணப்படுத்திவிடலாம்.

முதுகு வலிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி இல்லை. ஆனால் படுத்தாலும் தணியாத வலி, இரவில் எழுப்பும் வலி, உட்கார்ந்தால் வாலெலும்பில் நீங்காத நோவு, கால் மரத்தல், புதிதாக வந்த மலஜலத் தடை ஆகியவற்றை அலட்சியம் செய்தல் கூடாது.

சர்க்காருக்கு நாம் கூறுவது இதுவே. ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஒரு பெரிய பொது ஆஸ்பத்திரியிலாவது எலும்பு, நரம்பு, கதிர்வீச்சு, சதைப் பரிசோதனை நிபுணர்கள் ஒன்றுகூடி முடிவு செய்யும் குழு ஒன்றை அமைக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகள் ஐயமுள்ள நோயாளியைக் கத்தி வைக்காமல் அங்கே அனுப்ப வேண்டும். பிரயாணச் செலவையும் புரோட்டான் சிகிச்சைச் செலவையும் ஏழைகளுக்குப் பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கிராமத்தில் ஒருவர் முதுகுக் கட்டியோடு உங்களிடம் யோசனை கேட்டு வந்தால், மூன்று கேள்விகளை வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்: சதைப் பரிசோதனை ஆயிற்றா? ஊசி வழியை யார் வகுத்தார்? இத்தகைய கட்டிகளில் பழகிய குழு பார்த்ததா? முதல் ரண சிகிச்சையே நோயாளிக்குக் கிட்டும் சிறந்த சந்தர்ப்பம். அதை அவசரத்தால் இழந்தவர்க்கு இரண்டாவது சந்தர்ப்பம் அவ்வளவு தாராளமாக வாய்ப்பதில்லை. அபூர்வமாக வரும் நோய்க்கு அகப்பட்ட பிரஜையும் முழுப் பிரஜையே. அவனைக் கைவிடாத ராஜ்யத்தையே நாம் ஸ்வராஜ்யம் என்போம்.