ஆண்டு வளையமும் அகழிச் சேறும்

வியட்நாமின் தெற்கு மலைநாட்டில், டா லாட் நகரை ஒட்டிய காடுகளில் 'போ மு' என்றொரு மரம் உண்டு. சைப்ரஸ் குடும்பத்து ஊசியிலை மரம். பல நூற்றாண்டுகள் வாழும். வெப்ப மண்டலத்து மரங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கொரு வளையம் என்று ஒழுங்காகப் போடுவதில்லை. போ மு போடும். மழை தவறிய ஆண்டில் அதன் வளையம் நூலாக மெலியும். நன்றாகப் பெய்த ஆண்டில் தடிக்கும். அமெரிக்க ஆய்வாளர் பிரெண்டன் பக்லியின் குழு, மரத்தைச் சாய்க்காமல், பென்சில் பருமனில் உள்மரத்தைத் துளைத்தெடுத்து, 759 ஆண்டுகளின் ஈரத்தையும் வறட்சியையும் அதில் வாசித்தது. 2010இல் வெளிவந்த அந்தக் கணக்கில் 14ஆம் நூற்றாண்டின் நடுவே பல பத்தாண்டுகள் நீண்ட வறட்சி தெரிந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்று; காலம் குறைவு, கடுமை அதிகம்.

அந்த மலைகளுக்கு மேற்கே ஏறக்குறைய 500 கி.மீ. தொலைவில்தான் இன்றைய கம்போடியாவில், கெமர் பேரரசின் தலைநகர் அங்கோர் இருந்தது. 1431இல் சயாமின் அயுத்தயா அரசுப் படையிடம் வீழ்ந்தது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் நகரம். வறட்சியும் வீழ்ச்சியும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் 'பருவமழை பொய்த்தது, பேரரசு சாய்ந்தது' என்று எழுதிவிடக் கை பரபரக்கிறது.

இங்கே நிதானம் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. சமூகங்களின் விதியைத் தட்பவெப்பம்தான் எழுதுகிறது என்ற எண்ணம் நெடுங்காலமாக உலவுகிறது. குளிர்நாட்டார் ஊக்கமுள்ளவர்கள், வெப்பம் மனிதரைத் தளர்த்திவிடும் என்று 1748இல் பிரான்சின் மொந்தெஸ்கியூ எழுதினார். 1915இல் அமெரிக்கப் புவியியலாளர் எல்ஸ்வர்த் ஹன்டிங்டன் அதையே வரைபடங்களோடு ஒரு புத்தகமாக விரித்தார். வெயில் நாடுகளை ஆள வந்தவர்களுக்கு இந்த வாதம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அங்கோரோ, சுட்டெரிக்கும் சமவெளியில் எழுந்து, தொழிற்புரட்சிக்கு முந்திய உலகின் மிகப் பரந்த நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது. வீடுகளும் வயல்களும் கோயில்களும் கலந்து கிடந்த அதன் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர கி.மீ. 13ஆம் நூற்றாண்டில் 7 முதல் 9 லட்சம் பேர் அங்கே வாழ்ந்திருக்கலாம் என்கிறது 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு.

அத்தனை பேருக்கும் சோறு எப்படிக் கிடைத்தது? 1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஓராண்டளவு தங்கிய சோ தாகுவான், அந்த நாட்டில் பாதி ஆண்டு மழை, பாதி ஆண்டு துளி இல்லை என்று குறித்துவைத்தார். ஆண்டுக்கு மூன்று நான்கு போகம் விளையும் என்றும் எழுதினார். பெய்யும்போது பிடித்துவைத்தால்தான் மற்ற மாதங்களைக் கடக்க முடியும். வடக்கே கூலன் மலையிலிருந்து இறங்கும் நீரை வாய்க்கால்களில் திருப்பி, 'பாராய்' எனப்படும் பேரேரிகளில் நிறுத்தி, தெற்கே தோன்லே சாப் ஏரியை நோக்கிச் சரியும் சமவெளியில் பரப்பினார்கள். 11ஆம் நூற்றாண்டின் மேற்குப் பாராய் 8 கி.மீ. நீளம், 2 கி.மீ.க்குச் சற்று மேல் அகலம். அதைத் தோண்டவில்லை, நாலு பக்கமும் கரை எழுப்பித் தரைக்கு மேலே நீரைத் தாங்கிப் பிடித்தார்கள்.

இவை பாசனத்துக்கே அல்ல, அரசரின் பெருமைக்காகக் கட்டியவை என்று வாதிட்டவர்களும் உண்டு. மதகு எங்கே என்பது அவர்கள் கேள்வி. நீர் புகவும் வெளியேறவும் கட்டிய அமைப்புகள் பின்னர் அடையாளம் காணப்பட்டதும் அந்த வாதம் வலுவிழந்தது.

மரம் சொன்னதில் பலரும் தாண்டிப்போகும் பகுதி ஒன்று இருக்கிறது. வறட்சிகளுக்கு இடையிடையே மிகக் கடுமையான பருவமழைகளும் வந்திருக்கின்றன. என்னை அதிகம் உலுக்கியது அதுதான். வாய்க்காலும் கரையும் வைத்திருப்பவர்களுக்குப் புரியும்: பல ஆண்டுகள் வரத்து குறைந்து கிடந்த கால்வாயில் திடீரென்று பெருவெள்ளம் பாய்ந்தால் என்ன ஆகும்? அங்கோரின் தெற்கே ஒரு கால்வாய் முழுக்க வெள்ளம் கொண்டுவந்த பருமணலால் அடைபட்டிருப்பதை அகழ்வாய்வில் கண்டார்கள். ஸ்பியன் த்மா என்ற கற்பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் இன்று ஆறு இல்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு, பழைய மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே தரையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பாலமே கோயில் கற்களைப் பெயர்த்துக் கட்டியது.

2018இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் டான் பென்னியும் சக ஆய்வாளர்களும் இந்த வலைப்பின்னலைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வெள்ளம் ஒரு கால்வாயை அரித்து ஆழமாக்கினால் அடுத்த வெள்ளத்தில் இன்னும் அதிக நீர் அதற்கே போகிறது. பக்கத்துக் கால்வாய் நீரில்லாமல் தூர்ந்துபோகிறது. ஒன்றின் பழுது அடுத்ததைத் தொற்றுகிறது. பல நூற்றாண்டுகளாகக் கூட்டிக்கூட்டி நீட்டிய அமைப்பு என்பதால், ஓரிடத்து உடைப்பு அங்கேயே நிற்கவில்லை. சிறு சிறு குளங்களாக இருந்திருந்தால் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு உடைந்து தன் பாட்டுக்கு அடைபட்டிருக்கும்.

அடுத்த ஆண்டே பென்னியின் குழு, தலைநகரின் கோட்டைப்பகுதியான அங்கோர் தோம்மின் அகழியிலிருந்து எடுத்த சேற்றைப் பற்றி எழுதியது. அகழிச் சேறு ஊரின் நாட்குறிப்பு மாதிரி: அடுப்பும் காட்டுத்தீயும் விட்ட கரித்துகள், செடிகளின் மகரந்தம், உழுத நிலத்திலிருந்து கரைந்த மண் எல்லாம் படிப்படியாக அதில் அடைகின்றன. 14ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலேயே இந்தத் தடயங்கள் மெல்லக் குறையத் தொடங்கிவிட்டன. அதாவது பெருவறட்சி வருவதற்கு முன்பே. அந்த நூற்றாண்டு முடியும்போது அகழியின் மேல் மிதக்கும் செடிகள் படர்ந்துவிட்டன; யாரும் அதைத் துப்புரவாக வைத்திருக்கவில்லை. 1431க்கு முன்பே நகரின் நடுப்பகுதியை விட்டு ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறார்கள்.

ஏன் போனார்கள் என்பதற்குச் சேற்றில் விடை இல்லை. கடல் வணிகம் பெருகித் தெற்கே மெக்கோங் கரை ஊர்கள் இழுத்திருக்கலாம். தேரவாத பௌத்தம் பரவியபின் பெருங்கோயில்களைத் தாங்கிய பழைய ஏற்பாடுகள் தளர்ந்திருக்கலாம். எப்படியானாலும் வறட்சியும் வெள்ளமும் வந்தபோது கரையைக் காக்கவும் கால்வாயைத் தூர் வாரவும் ஆள் திரட்டும் கை ஏற்கெனவே வலுவிழந்திருந்தது என்றே நான் படிக்கிறேன். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே மழை வந்திருந்தால், உடைந்த கரையை மறு கோடையிலேயே அடைத்திருப்பார்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

ஊரை எல்லோரும் விட்டுப்போய்விடவும் இல்லை. அங்கோர் வாட் கோயிலில் வழிபாடு நின்றதில்லை. 16ஆம் நூற்றாண்டில்கூட அதன் சுவர்களில் புதிதாகச் சிற்பத் தொகுதிகள் செதுக்கினார்கள். மேற்குப் பாராயில் இன்றும் நீர் நிற்கிறது, பாசனத்துக்குப் பாய்கிறது. கிழக்குப் பாராய் வற்றிவிட்டது. அதன் கரைகளுக்குள்ளே இப்போது ஊர்களும் நெல்வயல்களும் இருக்கின்றன.