குழந்தை வீடு திரும்பிய பின் தாயின் மனம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிப் பெட்டியில் பல வாரம் இருந்து, எடை தேறி வீடு திரும்பும் நாள் லயம் முழுவதற்கும் திருநாளாகும். வருவோர் யாவரும் தொட்டிலை எட்டிப் பார்த்து, "எத்தனை கிலோ?" என்று வினவுகின்றனர். நாமும் அப்படியே வினவியிருக்கிறோம். "நீ உறங்கினாயா, அம்மா?" என்று தாயைக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

பிள்ளைப்பேற்றின் பின் மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது தாய்மார் பலருக்கும் இயல்பே. இரண்டு வாரத்திற்குள் அது தானே தணிந்துவிடும். தணியாமல் நீடிக்கும் துயரமோ, மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். தீவிர சிகிச்சை பெற்ற குழந்தையின் தாய்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு பிற தாய்மாரைவிட மிகுதி.

மருத்துவமனையில் குழந்தையின் மூச்சைக் கருவிகளும் தாதியரும் இரவு பகலாகக் கண்காணித்தனர். வீட்டிலோ அப்பொறுப்பு ஒருத்தியின் தலைமேல் விழுகிறது. மூச்சு நின்றுவிடுமோ என்றஞ்சி, குழந்தை உறங்கும்போதும் அவள் விழித்திருக்கிறாள். "வயிற்றுப் பிள்ளையோடு பால்வாளி தூக்கினேனே, அதனால்தான் முன்னதாகப் பிறந்ததோ?" என்று தன்னையே குற்றஞ்சாட்டுகிறாள். பல நாள் கையில் ஏந்த இயலாதிருந்த குழந்தை தன்னுடையதென்றே தோன்றாமற் போவதும் உண்டு. இதனை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால், பெற்ற மனமா இது என்பார்களே! பத்தியச் சோறு தொடப்படாமல் இருக்கக் கண்டு மாமியார் சினக்கிறார். திமிர் என்றும் காற்றுக் கருப்பு என்றும் நாம் பெயரிட்டது சில வேளைகளில் இந்நோயே.

குழந்தையை எடைபார்க்கச் சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லும் அன்றே, தாயின் நிலையையும் தாதியிடம் கூறுங்கள். 1987-இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் உள்ளவை 10 வினாக்களே. கடந்த ஏழு நாட்களில் மனம் எவ்வாறு இருந்தது என்பதை அவை கேட்கின்றன. மதிப்பெண் மிகுந்தால் மருத்துவர் நேரில் ஆராய்வார். மனம்விட்டுப் பேசவைக்கும் ஆலோசனையாலும், தேவையாயின் மருந்தாலும் இது குணமாகும். தாய்ப்பாலை நிறுத்தாமலே உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உள்ளன.

விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் கணவர், இரவு முழுதும் விழித்திருக்க இயலாதுதான். ஆயினும் முன்னிரவில் அவரும், பின்னிரவில் பாட்டியும் சிறிது நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் தாய்க்குத் தொடர்ச்சியாக நான்கு மணி நேர உறக்கமேனும் கிட்டும்.

அவ்வினாத்தாளின் பத்தாம் வினா, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதாகும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணத்தைத் தாய் வெளியிட்டால், அவரைத் தனியே விடாமல், மறுநாள் வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.