நினைவுக்கும் போலியா?

தாத்தாவின் கைக்கடிகாரம் ஓடாவிட்டாலும் நாம் அதை எறிந்துவிடுவதில்லை. போர்வீரர் வைத்திருந்த சிறு பொருளும் அப்படித்தான். அதிலும் போலி புகுந்துவிட்டது!

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் கழுத்தில் இரு உலோகத் தகடுகளை அணிந்தனர். பெயர், எண், இரத்த வகை, மதம் ஆகியவை அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. இறந்தவரை அடையாளம் காண அவை உதவின. பலர் தம் 'ஜிப்போ' லைட்டரிலும் பெயரையும் ஆண்டையும் செதுக்கி வைத்தனர்.

1975-இல் போர் முடிந்தது. பிறகு சைகோன் நகரக் கடைகளில் இவை விலைக்கு வந்தன. வாங்குவோர் பெருகவே, புதிதாகச் செய்து பழையதுபோல் மங்கவைத்தும் விற்கலாயினர்.

போலியை அறிவது எப்படி? 1966-இல் செய்த ஜிப்போவின் அடியில் எட்டு நேர்க்கோடுகள் உண்டு. ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1973-இல் ஒரே கோடாயிற்று. மேலே 1968 என்று செதுக்கியிருக்க, அடியில் ஒரே கோடு இருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

அப்போரில் காணாமற்போன 1,500-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் இன்னும் கண்டறியப்படவில்லை. அண்ணன் பெயருள்ள தகடு கிடைத்ததென்றால் வீட்டார் மனம் எப்படித் துடிக்கும்! அது போலியானால் அவரை இரண்டாம் முறை இழப்பதல்லவா?

களவும் பொய்ச்சாட்சியும் பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். அந்தச் சிறு தகட்டில் இரண்டுமே அடங்கியுள்ளன.