ஒரு நாளுக்கு ஒரு வரி: கேமரன் மலைக் குளிரைக் கம்பளியில் பின்னினால்...

1978 பிப்ரவரி 1. கேமரன் மலையில் வெப்பமானி 7.8 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. மலேசியாவில் இன்றுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். வானிலைத் துறையின் ஏட்டில் அது ஓர் எண்ணாக நிற்கிறது. அன்று விடியலில் கொழுந்தெடுக்கப் போனவர்களுக்கு அது விரல் விறைத்த நாளாக நினைவிருக்கும்.

இப்படிப்பட்ட நாள்களை நூலில் எழுதி வைக்கிறவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பின்னுவதற்கு வெப்பநிலைப் போர்வை என்று பெயர். முறை எளிது. குளிருக்கு நீலம், மிதத்துக்குப் பச்சை, மஞ்சள், வெயிலுக்குச் சிவப்பு என்று முதலில் ஒரு வண்ண அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அன்றைய வெப்பநிலை எந்த நிறத்தில் விழுகிறதோ அந்த நூலில் ஒரே ஒரு வரி. ஊசியில் பின்னினாலும் சரி, குரோஷே கொக்கியில் போட்டாலும் சரி, ஆண்டு முடியும்போது 365 வரி சேர்ந்திருக்கும்.

அளவை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் சிக்கல்தான். ஒரு வரி ஒரு சென்டிமீட்டர் என்றாலும் 365 வரி மூன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் சிலர் மெல்லிய நூலை எடுக்கிறார்கள்; சிலர் நாளுக்கு ஒரு சிறு கட்டம் பின்னிக் கடைசியில் கோத்துவிடுகிறார்கள். நிறம் மாறும் இடமெல்லாம் இரண்டு நூல் முனைகள் தொங்கும். அவற்றை அன்றன்றே சொருகிவிடுவது நல்லது. டிசம்பர்வரை விட்டுவைத்தால் அதுவே தனி வேலையாகிவிடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017இல் தொடங்கிய ‘டெம்பெஸ்ட்ரி’ திட்டம் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. எந்த ஊரானாலும் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் குறிப்பிட்ட நிறம்தான். அதனால் இரண்டு ஊர்களையோ இரண்டு ஆண்டுகளையோ பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடலாம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிஞர் எல்லி ஹைவுட், நாளுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு வரி என்று வைத்து, ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் உலக வெப்பநிலையைக் குழந்தைப் போர்வையாக்கினார். அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட நீலம்-சிவப்புப் பட்டைப் படம் இன்று உலகறிந்த காலநிலைச் சின்னம். கணினி வரைந்த அந்தப் படத்துக்கு முன்னோடி, கையால் பின்னிய ஒரு போர்வை!

வெப்பத்தோடு இந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் பகுதிப் பெண் ஒருவர், 2018 முழுவதும் தம் ரயில் பயணத்தில் ஏற்பட்ட தாமதத்தை நிறம் நிறமாகக் கழுத்துத் துணியில் பின்னினார். இணைய ஏலத்தில் அது 7,550 யூரோவுக்குப் போனது.

சரி, கேமரன் மலைக்கு வருவோம். நான்கு பருவமுள்ள நாட்டில் போர்வை தானாகவே நீலத்தில் தொடங்கிச் சிவந்து மீண்டும் நீலத்துக்குத் திரும்பும். இங்கே அப்படி நடக்காது. மலையிலுள்ள தானா ராத்தா என்ற ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோலாலம்பூரைவிட ஒன்பது, பத்து டிகிரி குளிர்ச்சி. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மாதத்துக்கு மாதம் சராசரி இரண்டு டிகிரிகூடப் பெரிதாக மாறுவதில்லை. பகல் உச்சம் பெரும்பாலும் 20க்கும் 25க்கும் நடுவில்தான். மேலைநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்தால் ஆண்டு முழுவதும் இரண்டு, மூன்று நிறத்துக்குள் அடங்கிவிடும்.

அதைப் பார்த்து, இந்த மலையில் பதிவு செய்ய எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அட்டவணைதான் இந்த ஊருக்குத் தைத்ததில்லை. அரை டிகிரிக்கு ஒரு நிறம் என்று நெருக்கிப் பாருங்கள். அதே ஆண்டு பத்து நிறங்களில் விரியும்.

இன்னொன்றும் செய்யலாம். இங்கே ஆண்டுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரே நாளின் விடியலுக்கும் மதியத்துக்கும் இடையிலான வித்தியாசம் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், பகலில் மண் வாங்கிய சூடு தடையின்றி மேலே போய்விடும். விடியலில் பல் கிட்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மழை மாதங்களில் மேகமே மலைக்குப் போர்வையாகிவிடுவதால் இரவு அவ்வளவு இறங்காது. பகல் உச்சத்தை மட்டும் பின்னினால் இந்தக் கதை முழுவதும் விடுபட்டுப்போகும். ஆகவே நாளுக்கு இரண்டு வரி: விடியலின் தாழ்வுக்கு ஒன்று, பகலின் உச்சத்துக்கு ஒன்று. மழை பெய்த நாளில் ஒரு வெள்ளி இழையைச் சேர்த்துக்கொள்ளலாம். தேயிலைக் கொழுந்து துளிர்ப்பதும் தயங்குவதும் இந்தச் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்ததுதான். அதனால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் போர்வை எளிதில் புரியும்.

ஓர் ஆண்டுப் போர்வை அந்த ஆண்டின் வானிலையைத்தான் சொல்லும். காலநிலை மாறுகிறதா என்று கேட்க வேண்டுமானால் பல ஆண்டுகளை ஒரே அட்டவணையில் பின்ன வேண்டும். கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். நூற்றாண்டை நெருங்கும் ஒரு தோட்டத்தில், பழைய பதிவு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கிறதோ அத்தனை வரி பின்னலாம். நூறு வரி என்றால் சுமார் ஒரு மீட்டர். தொட்டில் பிள்ளைக்குப் போதும்.

கைத்திறனுக்கு நம்மிடம் குறைவில்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது. கேமரன் மலையின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு, பின்னத் தெரிந்த பாட்டிகள் இரண்டு பேர் சேர்ந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பிள்ளைகள் எண்ணைப் படிக்கட்டும். பெரியவர்கள் வரியைப் போடட்டும். வெப்பமானியை நிழலில், தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். மலை ஈரத்தில் கம்பளி பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அக்ரிலிக் நூலே ஏற்றது. எந்த நிறம் எத்தனை டிகிரி என்று ஒரு துணியில் எழுதிப் போர்வையின் மூலையில் தைத்துவிட மறக்காதீர்கள். இருபது ஆண்டு கழித்து அதைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு அந்தத் துணி கட்டாயம் வேண்டும்.