டென்மார்க்கு ஜன கலாசாலைகளில் கோடைகால வாசம்

தரங்கம்பாடிக் கோட்டையைக் கண்டிருப்போர்க்கு டென்மார்க்கு என்னும் பெயர் புதிதன்று. 1620-ஆம் ஆண்டு முதல் 1845-ஆம் ஆண்டு வரை அவ்வூர் டேனிஷ்காரர் வசம் இருந்தது. அச்சிறு தேசம் பிற்காலத்தில் வெண்ணெய் வியாபாரத்திலும் ஐக்கிய இயக்கத்திலும் உலகப் பிரசித்தி அடைந்தது. அங்குள்ள ஐக்கியப் பால் பண்ணைகளைப்பற்றிச் சங்க அங்கத்தினர் பலர் கேள்விப்பட்டிருப்பர். ஆனால், அப்பண்ணைகளை ஏற்படுத்திய குடியானவர்கள் ஒருவரையொருவர் நம்பும் வழக்கத்தை எங்கே கற்றனர் என்பது நம் கிராமங்களில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கு விடையளிக்கும் இடங்களுள் முக்கியமானவை அத்தேசத்து ஜன கலாசாலைகள். அவற்றில் கிராமத்துப் பெண்கள் கோடைகாலத்தில் வந்து தங்கிக் கற்ற முறை ஆராயத்தக்கது.

கிருண்ட்விக் (1783-1872) என்னும் பாதிரியார், உழுதுண்ணும் ஜனங்களும் தம் தாய்மொழியையும் தேச சரித்திரத்தையும் அறிதல் வேண்டும் என்றும், அது பரீக்ஷைக்காக ஏட்டைப் புரட்டுவதால் அன்றி வாய்மொழியாலேயே கைகூடும் என்றும் வற்புறுத்தினார். அக்கருத்தைத் தழுவி முதற் கலாசாலை 1844-ஆம் ஆண்டில் ரோடிங் என்னும் ஊரில் திறக்கப்பட்டது. செருப்புத் தைப்பவரின் மகனாகிய கிரிஸ்டன் கோல்ட் என்பவர் 1851-ஆம் ஆண்டில் ரிஸ்லிங் கிராமத்தில் பதினைந்து மாணாக்கருடன் ஒரு கலாசாலை தொடங்கினார். உபாத்தியாயரும் மாணாக்கரும் ஒரே கூரையின்கீழ் உண்டு, ஒரே பரணில் படுத்துறங்கினர். பாடத்தைக் காட்டிலும் இக்கூட்டு வாசமே பெரிது என்பது அவர் கொள்கை.

குளிர்காலத்தில் வயலில் வேலை குறைவாதலால் ஆடவர்க்கு நவம்பர் முதல் ஐந்து மாதம் வகுப்பு நடைபெற்றது. பெண்களுக்கென்று கோல்ட் 1863-ஆம் ஆண்டில், டாலும் என்னும் ஊரில், கோடைகால வகுப்பை ஆரம்பித்தார். மற்றக் கலாசாலைகளும் அதைப் பின்பற்றின. மே, ஜூன், ஜூலை ஆகிய மூன்று மாதமே பெண்களுக்குரிய பருவமாக நிலைபெற்றது.

இப்பருவத்தில் ஒரு பெண்ணை அனுப்புவது குடும்பத்திற்கு இலேசான காரியமன்று. கோடையில் புல் செழித்துப் பால் மிகும். பால் கறப்பதும் வெண்ணெய் எடுப்பதும் அந்நாளில் பெண்களின் வேலை. ஆகவே, கலாசாலைக்குச் செலுத்தும் பணம் ஒருபுறமிருக்க, வேலை மிகுந்த காலத்தில் வீட்டில் இரண்டு கைகள் குறைந்தன. ஏழை மாணாக்கர்க்குப் பிற்காலத்தில் சர்க்கார் உதவி கிடைத்தது. எனினும், வந்தவர்களிற் பெரும்பாலோர் சொந்த நிலமுடைய குடியானவர் வீட்டார். கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் தொகையிற் குறைந்தே இருந்தனர். இக்குறையை மறைத்தல் தகாது.

துணிப்பெட்டியுடன் வந்திறங்கும் பெண்ணுக்கு முதல் நாள் யாவும் புதிது. பதினெட்டு வயதளவும் தன் வீடு, தன் மாட்டுக்கொட்டில், தன் ஊர்க் கோயில் என்று இருந்தவள், முன்பின் அறியாதவர்களோடு ஒரே அறையிற் படுத்துறங்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர் மகளுக்கும் சிறு குடியானவர் மகளுக்கும் அங்கே வெவ்வேறு பந்தியில்லை. கலாசாலைத் தலைவரும் அவர் மனைவியும் அதே மேஜையில் உண்டனர். தலைவரின் மனைவி மாணாக்கிகளுக்குத் தாய் ஸ்தானத்தில் இருந்து, நோய் நொடியையும் வீட்டேக்கத்தையும் கவனித்து வந்தார். இதனால், வந்தவள் தான் ஒரு விடுதியில் இருப்பதாக எண்ணாமல், ஒரு பெருங் குடும்பத்திற் சேர்ந்ததாக உணர ஏதுவாயிற்று.

வாய் திறக்கக் கூசும் பெண்களை ஒன்றுசேர்க்கும் உபாயமாகப் பாட்டு அமைந்தது. ஒவ்வொரு பிரசங்கத்திற்கு முன்னும் எல்லோரும் சேர்ந்து பாடுவது வழக்கம். தனியே பேச அஞ்சுபவளும் பலரோடு சேர்ந்து பாட அஞ்சமாட்டாள். அதன்பின் சரித்திரம், தாய்மொழி முதலியவற்றைப்பற்றிய பிரசங்கங்கள், தேகப்பயிற்சி, தையல் வேலை எனப் பொழுது கழியும். மாலையில் வாசிப்பும் பேச்சும் நடைபெறும்.

பரீக்ஷையும் பட்டமும் இல்லாத கல்வியைக் கண்டு புதியவர்கள் மயங்குவதுண்டு. கேட்டதெல்லாம் மறந்துபோகிறதே என்று ஒரு மாணாக்கர் கோல்டிடம் முறையிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. வயலில் வடிகாற் குழாய் புதைப்பவன் அதை மறுபடி கண்டுபிடிக்க அடையாளம் இட்டு வைக்கவேண்டும். விதை விதைப்பவனுக்கோ அடையாளம் வேண்டுவதில்லை, அது தானே மேலே வரும் என்னும் கருத்துப்பட அவர் விடை பகர்ந்தாராம். குடியானவர்க்கு இதனினும் தெளிவாகச் சொல்லுதல் அரிது.

இவ்விதை எவ்வாறு முளைத்தது? 1870-க்குப் பின் அமெரிக்கா, ருஷியா முதலிய தேசங்களின் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தையில் குவிந்தது. டென்மார்க்குக் குடியானவர் தானியத்தை விட்டுப் பாலையும் வெண்ணெயையும் நம்ப வேண்டியவராயினர். 1882-ஆம் ஆண்டில் யெடிங் என்னும் ஊரார் முதல் ஐக்கியப் பால் பண்ணையை நிறுவினர். இயந்திரத்திற்கான கடனுக்கு அங்கத்தினர் அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்றனர். இலாபம் அவரவர் ஊற்றிய பாலுக்குத் தக்கபடி பங்கிடப்பட்டது. இவ்வகைப் பண்ணைகளில் மாடுகளின் எண்ணிக்கையைப் பாராமல் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது பொது விதியாயிற்று.

ஜன கலாசாலைகளே இதற்கெல்லாம் காரணம் என்பது மிகையாகும். பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் இயந்திரமும், இங்கிலாந்துச் சந்தையும், பள்ளிக் கல்வியின் பரவலும் உடன் நின்ற காரணங்கள். கலாசாலையில் பால் பண்ணைக் கணக்கு கற்பிக்கப்படவும் இல்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. நூறு வீட்டுப் பாலை ஒரே தொட்டியில் ஊற்றும்போது, ஒரு வீட்டார் கழுவாத பாத்திரத்தில் கொணர்ந்தாலும் அனைவர் வெண்ணெயும் கெடும். அண்டை வீட்டார் தம்மைப்போலவே சுத்தமாகக் கறப்பர் என்னும் நம்பிக்கை சட்டத்தினால் வருவதன்று. மூன்று மாதம் அந்நியரோடு ஒரே மேஜையில் உண்டு, ஒரே அறையில் வசித்துத் திரும்பிய பெண்கள் இருந்த கிராமத்தில் அந்நம்பிக்கைக்கு நிலம் பண்பட்டிருந்தது.

இன்றும் டென்மார்க்கில் எழுபதுக்கு மேற்பட்ட ஜன கலாசாலைகள் உள்ளன. ஆண் பெண் இருபாலாரும் சேர்ந்தே கற்கின்றனர். கோடையில் ஓரிரு வாரமே நடைபெறும் சிறு வகுப்புகளும் உண்டு. பரீக்ஷை இல்லை என்பதும், கூடி வாழ்தலே கல்வியின் பாதி என்பதும் மாறவில்லை.

ஐக்கிய சங்கங்கள் தம் அங்கத்தினரைத் தங்கிப் பயிலும் வகுப்புகளுக்கு அனுப்புங்கால் இதிலிருந்து சில அறியலாம். வகுப்பு நடத்துவோர் முதல் மூன்று நாளை விதிகளை ஒப்புவிப்பதிலேயே செலவிடாமல், வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிதற்கு விடவேண்டும். ஒரே ஊரார் ஒரே அறையில் ஒதுங்காமலும், பந்தியில் ஏற்றத்தாழ்வு நேராமலும் முதல் வேளையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்; பின்னர்த் திருத்துதல் கடினம். அனுப்பும் சங்கத்துப் பஞ்சாயத்தார், சென்றவர் வீட்டு மாட்டுக்கும் பயிருக்கும் அண்டையார் உதவி கிடைக்குமாறு ஏற்பாடு செய்தல் நலம். வீட்டுக் கவலையோடு அமர்ந்திருப்பவர் செவியில் எவ்வளவு நல்ல பிரசங்கமும் ஏறாது. திரும்பி வந்தவரிடம் என்ன கற்றீர் என்று வினவுவதோடு நில்லாமல், யார் யாரை அறிந்து வந்தீர் என்றும் வினவுதல் வேண்டும். பிறர் கடனுக்குத் தாமும் ஜாமீனாக நிற்கும் சங்கத்தில் அவ்விரண்டாவது வினாவே முதன்மையானது.